பொய்க் காருக்கு வைத்த பொட்டு

வியாழன்

இன்று நான் மின்வேலை பழகும் கொட்டாஞ்சேனை மாலை வகுப்பில் வாணி விழா. பாடம் இல்லை. முன்மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் நாங்கள் பழகும் கருவிகளை அடுக்கினோம். பொட்டு வைக்கும் வேலை எனக்கு வந்தது.

"சாருஜாட கையில குடுங்க. அவ ஒண்டையும் விடமாட்டா" என்று கூடப் படிக்கும் ஷாமில் சொன்னான். அது புகழ்ச்சியா கேலியா என்று பஸ்ஸில் வரும்போதும் யோசித்தேன். இன்னும் முடிவில்லை.

ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக முதலில் பட்டியல் எழுதினேன். மொத்தம் பதினான்கு கருவிகள். ஒவ்வொன்றுக்கும் பன்னீரில் குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம், பிறகு பட்டியலில் ஒரு சரி அடையாளம். பதினான்காவதாக வந்தது பொய்க் கார்.

பொய்க் கார் என்பது நாங்கள் வைத்த பெயர். சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி அது. மின்சாரக் கார்களுக்கான சார்ஜர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காரை ஓட்டிக்கொண்டு போக முடியாது. அதற்குப் பதிலாக இந்தப் பெட்டியில் சார்ஜரின் வயரைச் செருகினால் போதும், பெட்டி கார் போல நடிக்கும். அதன் குமிழைத் திருப்பத் திருப்ப, கார் இல்லை, கார் வந்து நிற்கிறது, கார் மின்சாரம் கேட்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். சார்ஜர் அதை நம்பிச் சரியாக நடந்துகொண்டால் சார்ஜரில் பச்சை விளக்கு எரியும். பேச்சில் ஏதாவது பிசகினால் சிவப்பு. வகுப்பில் இப்படி ஒரேயொரு பெட்டிதான் உண்டு.

வயர் செருகும் இடத்தின் மூடியைத் திறந்தால் ஏழு துளைகள். கீழே ஐந்து பெரியவை, மேலே இரண்டு சின்னவை. மின்சாரத்துக்குப் பெரியவை, பேச்சுக்குச் சின்னவை.

சந்தனத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஷாமில் குனிந்து பார்த்தான். 'இருக்கு' என்பது அவன் வாயில் 'ஈக்கி'. "இதுக்கு மொகம் ஈக்கி. இஞ்ச பாருங்க, ரெண்டு கண்ணு. நடுவுல வைங்க, அழகா ஈக்கும்."

வைத்தேன். அழகாகத்தான் இருந்தது. எங்களுக்குப் படிப்பிக்கும் நிரோஷன் சேர்கூட வந்து பார்த்துவிட்டு, "இப்பதான் இதைப் பார்க்க வீட்டுப்பிள்ளை மாதிரி இருக்கு" என்றார்.

பூசை முடிந்ததும் அவல், கடலை, சுண்டல். ஷாமில் மூன்று தரம் சுண்டல் வாங்கினான். மூன்றாவது, தட்டுப் பிடித்ததற்குக் கூலியாம். எல்லாரும் சாப்பிடும்போது நான் பட்டியலை எடுத்து, பதினான்கு கருவிகளையும் ஈரத்துணியால் துடைத்து, மறுபடி பதினான்கு சரி போட்டேன். நாளை பொய்க் காரை நான்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். அழுக்காகக் கொண்டுபோகக் கூடாது.

வெள்ளி

வெள்ளவத்தைக்கு ஏன் போனேன் என்று முதலில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து வாசிக்கும்போது எனக்கே விளங்காது.

பகலில் நான் லிஃப்ட் திருத்தும் கம்பனி ஒன்றில் தொலைபேசி எடுக்கிறேன். வெள்ளவத்தையில் இருபத்துநான்கு வீடுகள் உள்ள ஒரு மாடிக் குடியிருப்பிலிருந்து மாதத்துக்கு இரண்டு தரமாவது அழைப்பு வரும். அழைப்பவர் அங்கே குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஸ்ரீஸ்கந்தராசா அங்கிள். எட்டு மாதம் வீடு வீடாகக் கதைத்து, கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு பொதுச் சார்ஜர் போடச் சம்மதம் வாங்கியவர் அவர். சார்ஜரும் வந்து சுவரில் ஏறிவிட்டது. ஆனால் சங்கத் தலைவி கௌரி அன்ரி கடைசி நேரத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "போட்டவனே சரியெண்டு சொன்னால் அது சரியோ?" வெளி ஆள் ஒருவர் சோதித்து எழுதித் தரவேண்டும். ஞாயிறு பதினொரு மணிக் கூட்டத்தில் அந்த அறிக்கை பாஸ் என்றால் சார்ஜர் இருக்கும். இல்லையென்றால் திங்கட்கிழமை கழற்றி அனுப்பப்படும்.

அங்கிள் எங்கள் வகுப்பைக் கேட்டார். நிரோஷன் சேர் அதை என்னுடைய இறுதிச் செய்முறை வேலையாக்கினார். நான் சோதித்துக் கையெழுத்து வைத்தால், அதன் கீழே அவர் வைப்பார். என் கையெழுத்தை நம்பி ஒன்று நிற்கப்போவது இதுதான் முதல்தடவை. ஏன் என்னைத் தெரிவுசெய்தார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

பொய்க் காரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அது என்ன தங்கச்சி என்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்டார். கார் என்றேன். "எஹெனங் டிக்கட் தெக்கய்" என்றார். அப்படியென்றால் இரண்டு டிக்கெட்டாம். முன் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் பிந்தி.

அங்கிள் கேற்றடியில் காத்துக்கொண்டு நின்றார். அலுவலகத்திலிருந்து ரயிலில் வந்திறங்கிய களைப்பு முகத்தில் இருந்தது. மின்சாரக் காருக்குச் சொல்லிவைத்துவிட்டு, பழைய காரை மார்ச் மாதமே விற்றுவிட்டாராம். புதுக் கார் அடுத்த கிழமை வருகிறதாம்.

"ஏழு மாசமா தொங்கிக்கொண்டு போறன் பிள்ளை. இண்டைக்கு ஒருத்தற்ற குடை என்ர காதுக்குள்ள."

கௌரி அன்ரியும் இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். சார்ஜரை அவர் பார்த்த பார்வையைப் பார்த்தால், அது அழையாமல் வந்த விருந்தாளி என்று யாருக்கும் விளங்கும்.

"கார் ஒண்டும் இல்லாத வீட்டில சார்ஜர்" என்றார் அன்ரி. "பிள்ளை பிறக்க முதல் பள்ளிக்கூடத்துக்கு அட்மிஷன் எடுத்தமாதிரி."

"அதுவும் எடுக்கிறாங்கள்தானே கௌரி அக்கா" என்றார் அங்கிள்.

நிலத்தொடர்பையும், மின்சாரம் கசிந்தால் தானாக நிற்கும் பாதுகாப்பு ஆளியையும் முதலில் சோதித்தேன். இரண்டும் நன்று. பிறகு பொய்க் காரை வைத்து, சார்ஜரின் வயரைச் செருகினேன். குமிழ் 'கார் இல்லை' என்பதில் இருந்தது. ஒன்றும் நடக்கக் கூடாத இடம் அது. உடனே சிவப்பு.

கழற்றிச் செருகினேன். சிவப்பு. சார்ஜரை நிறுத்தி, நூறு வரை எண்ணி, மறுபடி போட்டேன். சிவப்பு.

"என்ன பிள்ளை, பாஸோ?" அங்கிளின் குரலில் இன்னும் நம்பிக்கை இருந்தது.

"நாளைக்கு இன்னொருக்காப் பார்ப்பம் அங்கிள்."

கௌரி அன்ரி மூக்கை இரண்டு தரம் இழுத்தார். "எங்கேயோ சந்தனம் மணக்குது. சாமியறை மாதிரி. ஸ்ரீ, சார்ஜருக்குப் பூசையும் செய்து பார்த்தனீரோ? அப்படியும் சிவப்புத்தானே."

அங்கிள் சார்ஜரின் வயரைச் சுற்றிக் கொளுவினார்.

சனி

காலையில் மழை. வேலைக்குப் போகுமுன் மறுபடி வெள்ளவத்தை. மறுபடி சிவப்பு. பிழை என்னுடையதாக இருக்கலாம் என்று செய்முறைக் குறிப்பை வரிவரியாகச் சத்தமாக வாசித்துச் செய்தேன். காவலாளி தன் வானொலியை நிறுத்திவிட்டுக் கேட்டார். கௌரி அன்ரியும் படியிறங்கி வந்து பார்த்தார். சிவப்பு.

நாலு மணிக்கு வகுப்பு. பெட்டியில்தான் கோளாறோ என்று பார்ப்பதற்காக, ஏசி அறையில் இருக்கும் பயிற்சிச் சார்ஜரில் பொய்க் காரைப் பொருத்தினேன். பாடம் முடியும்வரை பெட்டியை அங்கே திறந்து வைத்திருந்துதான் பொருத்தினேன், ஆறு மணி இருக்கும். கார் இல்லை, பச்சை. கார் வந்து நிற்கிறது, பச்சை. மின்சாரம் கேட்கிறது, பச்சை.

"பெட்டி நல்லா ஈக்கி" என்றான் ஷாமில். "அங்க ஈக்கிற சார்ஜர்தான் சரியில்ல. எழுதிக் குடுத்திட்டு வாங்க."

"நான் ஏதும் பிழையாச் செய்திருந்தால்?"

"நீங்க ரோட்டக் கடக்கவே நாலு தரம் பாக்குற ஆள். ஒங்களுக்கு எங்க பிழை வார?"

நிரோஷன் சேரிடம் சொன்னேன். இரண்டு இடத்துப் பெறுபேறும் கையில் இருக்கும்போது தான் சொல்ல ஒன்றுமில்லை என்றார். "உமக்கு என்ன தெரியுமோ அதை எழுதும். தெரியாததை எழுதவேண்டாம்."

இப்போது வீட்டில் இருந்து அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'தோல்வி' என்று எழுதிவிட்டேன். கையெழுத்து இன்னும் வைக்கவில்லை. சிவப்பு என்று எழுதுவதில் எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. யாருக்கும் மின்சாரம் தாக்காது, என்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதனால்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பயத்தில் எழுதுகிறேனா, தெரிந்து எழுதுகிறேனா?

எனக்கு என்ன தெரியும்? சார்ஜர் சிவப்புக் காட்டியது தெரியும். ஏன் காட்டியது என்று தெரியாது.

ஞாயிறு

கையெழுத்து வைக்காமலே படுத்தேன். காலையில் தேநீரோடு இந்த நாட்குறிப்பை வியாழனிலிருந்து வாசித்தேன். வெள்ளிக்கிழமைக் குறிப்பில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

எங்கேயோ சந்தனம் மணக்குது.

அந்தக் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்தில் டயரும், மீன் கழுவிய தண்ணீரும், கடலும்தான் மணக்கும். அங்கே சந்தனத்தைக் கொண்டுபோனது யார்? பக்கத்தைத் திருப்பினேன். பதினான்காவதாக வந்தது பொய்க் கார். நடுவுல வைங்க. ஈரத்துணியால் துடைத்து.

பெட்டியின் மூடியைத் திறந்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூக்கைக் கொண்டுபோனேன். வாணி விழா அப்படியே உள்ளே இருந்தது.

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் பிள்ளை அதை மணக்கிறாய்?" என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன்.

எங்கள் வீடு இருக்கும் தெஹிவளையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஒரு ஸ்டேஷன்தான். ஒன்பதரைக்கு அங்கே நின்றேன். கடற்காற்றில் பெட்டியைத் திறந்து வைத்து, வகுப்பு மல்டிமீட்டரால் மேலே இருக்கும் இரண்டு சின்னத் துளைகளுக்கும் இடையே அளந்தேன். அவற்றின் நடுவே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. இருந்தது. மெல்லிய தொடர்புதான், ஆனால் மூச்சு விட்டால் கூடியது, கையால் விசிறினால் குறைந்தது. நான் துடைத்தது பொட்டை எடுக்கவில்லை. பன்னீரும் சந்தனமும் குங்குமமும் சேர்ந்த ஈரப் பூச்சாக அதை ஒரு கண்ணிலிருந்து மற்றக் கண்ணுக்கு இழுத்துவிட்டிருக்கிறது. பேச்சு அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. ஏசி அறையில் இரண்டு மணித்தியாலம் காய்ந்ததும் கசிவு நின்று பச்சை. மழையிலும் கடற்காற்றிலும் மறுபடி ஈரம் உறிஞ்சிச் சிவப்பு.

சார்ஜர் செய்த பிழை ஒன்றுமில்லை. காரின் பேச்சுத் தெளிவில்லை என்று சரியாகக் கண்டுபிடித்து, இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறது.

ஷாமிலுக்கு அழைத்துச் சொன்னேன்.

"அப்ப நடுவுல வைங்கண்டு சொன்ன நானும் கேஸுல ஈக்கனா?"

"முதல் குற்றவாளி நான். நீங்கள் இரண்டாவது."

"சுண்டல் வேற மூணு தரம் திண்டிட்டேனே" என்றான்.

காலி வீதி பாமசியில் ஸ்பிரிட்டும் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியும் வாங்கி வந்து, ஒவ்வொரு துளையையும் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். முதல் குச்சி மஞ்சளாக வந்தது. ஆறாவது வெள்ளையாக வந்தது. பிறகு முழுவதாகக் காயவைக்க வேண்டும். வெயில் இல்லை. முதல் மாடிக்குப் போய்க் கௌரி அன்ரியின் கதவைத் தட்டினேன். தலை முழுகி, துவாயைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

"அன்ரி, ஹெயார் ட்ரையர் இருக்கோ?"

என் தலையைப் பார்த்தார். காய்ந்த தலை.

"எனக்கில்லை. பெட்டிக்கு."

"பெட்டிக்கு இப்ப தலையும் காயவைக்க வேணுமோ?" என்றார். "என்ர முடி காயட்டும், தாறன். கூட்டத்துக்கு ஈரத்தலையோட வந்தால் ஸ்ரீ தான் வெண்டிட்டன் எண்டு நினைப்பார்."

பத்து நாற்பதுக்குத்தான் ட்ரையர் கைக்கு வந்தது. காயவைத்து அளந்தேன். இரு கண்களுக்கும் நடுவே தொடர்பு இல்லை. வயரைச் செருகினேன். மூன்று நிலையிலும் பச்சை. மூன்று தரம் செய்தேன், மூன்று தரமும் பச்சை.

அதற்குள் ஆட்கள் பிளாஸ்டிக் கதிரைகளோடு வந்துவிட்டார்கள். கூட்டம் அங்கேயே, சார்ஜருக்கு முன்னால். பதினைந்து, பதினாறு பேர். அங்கிள் கடைசி வரிசையில் ஒரு கதிரையின் நுனியில் இருந்தார்.

"பிள்ளை, அறிக்கையைச் சொல்லும்" என்றார் கௌரி அன்ரி.

"பாஸ்" என்றேன்.

அங்கிள் கண்ணை மூடித் திறந்தார். அன்ரி மூடவில்லை.

"வெள்ளி சிவப்பு. சனி சிவப்பு. நான் என்ர கண்ணால பார்த்தனான். ஞாயிறு, கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கப் பச்சையோ? எங்கட லிஃப்டும் உப்பிடித்தான். திருத்துறவன் நிக்கும்வரைக்கும் நல்லா ஓடும்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த லிஃப்டுக்காகத் தொலைபேசி எடுப்பது நான்தான் என்பதால் என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவரிடத்தில் நான் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன்.

"பிழை சார்ஜரில இல்லை. நான் கொண்டுவந்த பெட்டியில. அந்தப் பிழையைச் செய்ததும் நான்தான்" என்றேன்.

வாணி விழாவிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாட்குறிப்பை விரித்து, பதினான்கு சரி அடையாளங்களையும் காட்டினேன். மஞ்சளான பஞ்சுக் குச்சியைக் கையில் பிடித்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. நம்பினார்களா என்றும் தெரியவில்லை. சொல்லிக்கொண்டு போகும்போதே எனக்கும் அது ஒரு சாக்குப்போலத்தான் கேட்டது. வகுப்பில் சேர் அடிக்கடி சொல்வது நினைவுக்கு வந்தது: பிழையைத் திருத்தினேன் என்று சொல்லாதே, அதை மறுபடி வரவைத்துக் காட்டு.

"அன்ரி, உங்கட சாமியறையில சந்தனம் இருக்கோ?"

"சாமியறையில சந்தனம் இல்லாமல் பெற்றோலோ இருக்கும்?" என்றார். எழுந்துபோய்ச் சின்னக் கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தார். பன்னீரும் தெளித்துக் கொண்டுவந்தார்.

வயரைக் கழற்றினேன். பொய்க் காரை அவர் முன்னால் நீட்டினேன். "நீங்களே வையுங்கோ. இரண்டு கண்ணுக்கும் நடுவில."

அன்ரி பெட்டியை உற்றுப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகம் இளகியது. "அட, முகம்தான்." மோதிர விரலால் சந்தனம் தொட்டு வைத்தார், மேலே குங்குமம். வியாழக்கிழமை நான் செய்ததைப் போலவே ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். துடைத்தார். நான் வயரைச் செருகினேன்.

சிவப்பு.

பின் கதிரையில் யாரோ கை தட்டினார். சிவப்புக்குக் கை தட்டியது இந்த ஊரில் அதுதான் முதல்தடவையாக இருக்கும்.

"பொறுங்கோ" என்றேன். ஸ்பிரிட், பஞ்சுக் குச்சி, ட்ரையர். ஐந்து நிமிடம் ஒருவரும் எழும்பிப் போகவில்லை. அங்கிள் கதிரை நுனியிலிருந்து எழும்பி, வயர் எட்டாததால் ட்ரையரின் எக்ஸ்டென்ஷனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அளந்தேன், செருகினேன், குமிழைத் திருப்பினேன்.

பச்சை. பச்சை. பச்சை.

கௌரி அன்ரி விளக்கைப் பார்த்தார், தன் மோதிர விரலைப் பார்த்தார். "அப்ப நான் பொட்டு வைச்சபடியாத்தான் சிவப்பு" என்றார் மெதுவாக. பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "இவ்வளவு சின்னச் சந்தனப் பூச்சுக்கே மின்சாரம் தரமாட்டன் எண்டு நிக்குது. அப்ப இது கவனமான சார்ஜர்தான். இருக்கட்டும்."

கையுயர்த்தச் சொன்னார். பத்தொன்பது என்று எண்ணினேன், பிறகு மறுபடி எண்ணினேன். பதினாறு பேர்தான் வந்திருந்தார்கள். மூன்று பேர் இரண்டு கையையும் உயர்த்தியிருந்தார்கள், அதில் அங்கிளும் ஒருவர்.

"ஆனால் ஒரு கண்டிஷன்" என்றார் அன்ரி. "அடுத்த கிழமை ஸ்ரீயின்ர கார் வாற அண்டைக்கு, காருக்கும் இந்தச் சார்ஜருக்கும் பொட்டு வைக்கிறது நான். வேண்டாம் எண்டு ஒருத்தரும் சொல்லப்படாது."

அங்கிள் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"வைக்கலாம்" என்றேன். "எங்கே எண்டு நான் அடையாளம் போட்டுத் தாறன்."

அறிக்கையில் 'தோல்வி' என்றிருந்த தாளைக் கிழித்துவிட்டு, சார்ஜரின் மூடிமேல் வைத்துப் புதிதாக எழுதினேன். 'சோதனைக் கருவியின் நிலை' என்ற இடத்தில் எல்லாரும் 'நன்று' என்று ஒரு சொல்லோடு விட்டுவிடுவார்கள். எனக்கு ஒன்பது வரி வந்தது, இரண்டு வரி விளிம்பில் ஏறியது. சேர் என்ன சொல்வாரோ தெரியாது. கீழே கையெழுத்து வைத்தேன். என் பெயர் நான் நினைத்ததைவிடப் பெரிதாக விழுந்துவிட்டது.

பிறகு அளவுநாடாவை எடுத்து, சார்ஜருக்கு மேலே சுவரில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் கீறினேன். வயரிலிருந்து இரண்டு அடி விலகி, நிலத்திலிருந்து ஐந்து அடி. அன்ரியைக் கூப்பிட்டு விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். எட்டியது.